ஹெரால்டு காரை வரைந்தவர்

தூரின் நகரம் என்றவுடன் கத்தோலிக்கப் பள்ளியில் பயிலும் நமக்கு இரண்டு நினைவுகள் வரும். ஒன்று, ஏழைச் சிறுவர்களைத் தேடிச் சென்று அவர்களுக்குக் கல்வியும் கைத்தொழிலும் கற்பித்த புனித தொன் போஸ்கோ. மற்றொன்று, நம் ஆண்டவரின் திருவுடலைப் பொதிந்ததாகப் போற்றப்படும் திருத்துணி. இத்தாலியின் வடக்கே, ஆல்ப்ஸ் மலையின் அடிவாரத்தில், போ ஆற்றங்கரையில் அமைந்த அந்நகருக்கு வேறொரு பெருமையும் உண்டு. 1899இல் பியட் கம்பெனியும், 1906இல் லான்சியா கம்பெனியும் அங்கேதான் தோன்றின. அப்பெரிய தொழிற்சாலைகளைச் சுற்றி, கார்களுக்கு உடல் கட்டும் பட்டறைகள் பல முளைத்தன. அப்பட்டறைகளில் ஒன்றில் 15 வயதளவில் வேலைக்குச் சேர்ந்து, பின்னாளில் நம் சென்னைப் பட்டணத்தில் செய்யப்பட்ட ஒரு காருக்கும் உருவம் கொடுத்த பெருமகனார் ஒருவரின் வரலாற்றையே இம்மலரில் எழுத எண்ணினோம். அவர் பெயர் ஜொவான்னி மிக்கெலோத்தி. ஜொவான்னி என்பது வேறொன்றுமில்லை. நம்மிடையே அருளப்பர் என்றும் யோவான் என்றும் வழங்கும் பெயரே.

அன்புத் தோழியரே! இன்று அறந்தாங்கிச் சாலையில் கால் மணி நேரம் நின்றால் பத்து வகைக் கார்களைக் காணலாம். நம் தாத்தா, பாட்டி காலத்தில் அப்படியில்லை. இந்தியா முழுவதற்கும் பெரும்பாலும் மூன்றே கார்கள்தாம். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவிலிருந்து அம்பாஸடர், பம்பாயிலிருந்து பியட், சென்னையிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. மூன்றனுள் சிறியதும், அழகியதும் ஹெரால்டுதான் என்று நாம் துணிந்து சொல்வோம். அம்பாஸடரைப் பெரிய குடும்பத்துத் தலைவர் என்றால், ஹெரால்டு அவ்வீட்டின் கடைக்குட்டி. நேரான, கூர்மையான விளிம்புகள், முன்புறம் சற்றே புருவம் நெரித்தாற்போன்ற விளக்குகள், மெல்லிய கூரை, நாற்புறமும் பரந்த கண்ணாடி. அந்தக் காரை ஓட்டியவர்களில் எத்தனை பேருக்கு அதை வரைந்தவரின் பெயர் தெரிந்திருக்கும்? காரின் எந்த மூலையிலும் அப்பெயர் பொறிக்கப்படவில்லை.

அவர் செய்த தொழில் எத்தகையது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். திறந்த வெளியில், கூரையும் கதவும் இல்லாமல், எஞ்சினும் சக்கரமும் சட்டமும் மட்டுமாக ஒரு பஸ் நெடுஞ்சாலையில் போவதைக் கண்டிருப்போம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டிரைவர் காற்றில் உட்கார்ந்திருப்பார். அதற்குச் சேஸிஸ் என்று பெயர். அது கரூர் போன்ற ஊர்களில் பாடி கட்டும் பட்டறைக்குப் போகிறது. அங்கேதான் கூரையும், சன்னலும், இருக்கையும், வண்ணமும் பெற்றுப் பஸ்ஸாகிறது. எஞ்சின் செய்தவர் ஒருவர், உடல் கட்டியவர் வேறொருவர். முற்காலத்தில் கார்களும் இவ்வாறே பிறந்தன. குதிரை வண்டி கட்டி வந்த குடும்பங்களே காருக்கும் உடல் கட்டின. தூரின் நகரப் பட்டறைகள் இதில் உலகப் புகழ் பெற்றன. பின்னர்ப் பெரிய கம்பெனிகள் உடலையும் தாமே அச்சில் அடிக்கத் தொடங்கியபோது, இப்பட்டறைகளுக்கு ஒரு புதிய வேலை வந்து சேர்ந்தது. அதுவே கனவுக் கார்.

கனவுக் கார் என்றால் என்ன? ஆண்டுதோறும் தூரினிலும், ஜெனீவாவிலும், பாரிஸிலும் கார்க் கண்காட்சிகள் நடந்தன. ஒரு கம்பெனி தன் சேஸிஸ் ஒன்றை வடிவமைப்பு நிலையத்திடம் கொடுக்கும். அவர்கள் தம் கற்பனைப்படி ஒரே ஒரு காரைக் கட்டிக் காட்சி மேடையில் நிறுத்துவார்கள். மக்கள் விரும்பினால் கம்பெனி அதைப் பின்பற்றி ஆயிரக்கணக்கில் செய்யும். விரும்பாவிட்டால் ஒரு காரோடு நட்டம் நின்றுவிடும். கோடிக்கணக்கில் பணம் போட்டு அச்சு வார்ப்பதற்கு முன் ஒரு முன்னோட்டம். மேடையில் கைதட்டல் வாங்கிவிட்டுக் கிடங்குக்குள் போய்த் தூசி படிந்த கனவுகளே உலகில் மிகுதி. மிக்கெலோத்தியின் கனவுகளோ பல தெருவுக்கு இறங்கி வந்தன. அவரை நாம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் இதுதான்.

அவர் பிறந்தது 1921ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், தூரின் நகரில். வாழ்நாள் முழுவதும் அந்நகரையும் அதன் சுற்றுப்புறத்தையுமே பணியிடமாகக் கொண்டார். 1930களின் நடுவில் ஸ்தாபிலிமெந்தி பரீனா என்னும் பட்டறையில் பயிற்சியாளாகச் சேர்ந்தார். தொன் போஸ்கோ 1853இல் தம் இல்லத்திலேயே துணி தைத்தல், செருப்புத் தைத்தல் ஆகிய தொழில்களுக்குப் பட்டறை தொடங்கிய ஊரல்லவா! இளம் வயதிலேயே ஒரு தொழிலைக் கையால் கற்றுக்கொள்வது அங்கு இயல்பான வழக்கமாயிருந்தது. அப்பட்டறையை நடத்திய ஜொவான்னி பரீனாவின் தம்பிதான், பின்னாளில் உலகமெங்கும் புகழ் பெற்ற பினின்பரீனா நிறுவனத்தைத் தொடங்கிய பத்திஸ்தா பரீனா. பெரிய வடிவமைப்பாளர்கள் பலர் அண்ணனின் பட்டறையில் பணி செய்தனர். சிறுவன் மிக்கெலோத்தி அவர்களுடைய வரைபலகைக்கு அருகில் நின்று கற்றான். சில ஆண்டுகளில் தானே வரையும் இடத்துக்கு வந்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. 1949இல், தம் 28ஆம் வயதில், மிக்கெலோத்தி தனியே ஓர் அலுவலகம் அமைத்துக்கொண்டார். அது அன்று துணிச்சலான செயல். ஏனெனில் அவரிடம் தகடு தட்டும் பட்டறை கிடையாது, ஆட்கள் கிடையாது. பென்சிலும் காகிதமும்தான் முதல். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம், அவர் வரைந்து கொடுப்பார், கேட்டவர் கட்டிக்கொள்வார். எந்தப் பட்டறைக்கும் கட்டுப்படாமல், சுதந்திரமாகக் கார் வரைவதையே தொழிலாகக் கொண்ட முதல் சிலருள் அவரும் ஒருவர்.

அவரோடு மிக நெருங்கி உழைத்தவர் ஆல்பிரெதோ வின்யாலே. ஒருவர் வரைந்தார், மற்றவர் தட்டினார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் தட்டும் வேலை எளிதன்று. மிக்கெலோத்தியின் படம் சுவரளவு தாளில், காரின் உண்மையான நீள அகலத்திலேயே வரையப்படும். அதைக் கொண்டு தச்சர்கள் மரத்தால் ஒரு கூடு செய்வார்கள். அக்கூட்டின்மேல் வைத்து வைத்துப் பார்த்து, அலுமினியத் தகட்டையும் இரும்புத் தகட்டையும் சுத்தியால் வளைப்பார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் டிங்கரிங் என்கிறார்களே, அதே வேலை. ஆனால் நசுங்கியதை நிமிர்த்துவதற்கல்ல, இல்லாததை உண்டாக்குவதற்கு. பெராரி கம்பெனியின் பந்தயக் கார்கள் பலவற்றுக்கு இவ்விருவருமே உடல் கொடுத்தனர். இத்தாலியின் ஊர்களினூடே ஆயிரம் மைல் ஓடும் மில்லே மில்லியா என்னும் புகழ் பெற்ற பந்தயத்தில் 1951, 1952, 1953 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வென்ற பெராரி கார்களின் உடல் வின்யாலே பட்டறையில் கட்டப்பட்டதே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காரின் மூக்கில் பெராரியின் முத்திரை இருக்கும். பக்கவாட்டில் வின்யாலேயின் முத்திரை இருக்கும். வரைந்தவரின் முத்திரைக்கு இடமில்லை. ஒரே கண்காட்சியில், ஒன்றோடொன்று போட்டியிடும் பல பட்டறைகளின் மேடைகளில், அவர் வரைந்த கார்களே நிற்கும். பார்க்க வருபவர்களுக்கு அது தெரியாது. தம் பெயர் வெளியே வரவில்லையே என்று கலங்கி அவர் வேலையை நிறுத்தியிருந்தால், நாம் எழுத ஒன்றுமே இருந்திராது. வாழ்நாளில் அவர் வரைந்து உருவான கார்கள் 1200க்கும் மேற்பட்டவை என்று கணக்கிடுகிறார்கள்.

ஆவுடையார்கோவிலில் வாழும் நமக்கு இது புதிதன்று. ஆத்மநாத சுவாமி கோயிலின் கொடுங்கையை நிமிர்ந்து பார்க்காதவர் நம்மில் யார்? கருங்கல்லை மரச் சட்டம்போலச் செதுக்கி, அதன்மேல் கம்பியும் ஆணியும் அடித்தாற்போலக் கல்லிலேயே காட்டி, காகிதம்போல் மெலிதாக்கி வளைத்திருக்கிறார்கள். மரமா, கல்லா என்று சோதிக்க ஒருவர் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்ததாக ஒரு கதைகூட இங்கு வழங்குகிறது. முற்காலத்துச் சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோவில் கொடுங்கை போன்ற சிலவற்றை நீக்கி மற்றவற்றைச் செய்து தருவோம் என்று எழுதுவார்களாம். அத்தகைய கொடுங்கையைச் செதுக்கியவர் பெயர் நம்மில் எவருக்கேனும் தெரியுமா? பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொருளை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவிட்டார் என்று வரலாறு பேசுகிறது. பொருள் கொடுத்தவரும், செலவிட்டவரும் நினைவில் நிற்க, உளி பிடித்தவர் மறைந்துபோனார். தூரினிலும் இதே கதைதான் நடந்தது.

இனி இங்கிலாந்துக்குச் செல்வோம். கோவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு டிரையம்ப் என்னும் கம்பெனி இருந்தது. அளவில் நடுத்தரம், போட்டியாளர்களோ பெரியவர்கள். 1953இல் அதற்கு ஓர் இடி விழுந்தது. அதற்குக் கார் உடல்களைச் செய்து கொடுத்து வந்த பிஷர் அண்டு லட்லோ என்னும் தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. அடுத்த புதிய காருக்கு உடல் யார் செய்து தருவார்? எதிரியிடம் போய்க் கேட்பதா? இதற்கிடையே அவர்களுடைய சொந்த வரைபடக்காரர்கள் புதிய சிறு காருக்கு வரைந்த படங்களும் அழகாக அமையவில்லை. பழைய காரோ விலைபோவது குறைந்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளரின் பிழைப்பு இதில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்நேரத்தில் ரேமண்ட் பிளவர் என்பவர் மூலம் அவர்களுக்கு ஒரு செய்தி எட்டியது. இத்தாலியில் சில மாதங்களிலேயே ஒரு முழுக் காரைக் கட்டித் தருவார்கள் என்றும், செலவும் குறைவு என்றும் அறிந்தார்கள். தங்கள் டி.ஆர்.3 காரின் சேஸிஸ் ஒன்றை அனுப்பிவைத்தார்கள். மிக்கெலோத்தி வரைந்து, வின்யாலே கட்டிய அந்தக் கனவுக் கார் 1957ஆம் ஆண்டு ஜெனீவாக் கண்காட்சியில் நின்றது. இரட்டை வண்ணமும், அமெரிக்கப் பாணி வாலும், பளபளக்கும் அலங்காரமும் கொண்டது அது. திருமணப் பெண்ணுக்கு அளவுக்கு மீறி நகை பூட்டினாற்போல நமக்குத் தோன்றுகிறது. அந்தக் காரை யாரும் செய்து விற்கவில்லை. ஆயினும் கம்பெனியாருக்கு வேண்டிய ஒன்று அதனால் தெரிந்துவிட்டது. அதுதான் அந்த மனிதரின் கை வேகம். தொடக்கத்தில் அவர் பெயரைச் சொல்லாமலே இடைத்தரகர் மறைத்து வைத்திருந்தார். விசாரித்து அறிந்தபின், தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் நேரே மிக்கெலோத்தியிடம் ஒப்பந்தம் செய்துகொண்டார்.

அதே 1957ஆம் ஆண்டு, வெப்ஸ்டர் இத்தாலிக்குச் சென்று, வராத அந்தச் சிறு காரின் தொல்லையை மிக்கெலோத்தியின் முன் வைத்தார். மிக்கெலோத்தி தாளை இழுத்துச் சில நிமிடங்களில் ஓர் உருவத்தை வரைந்து காட்டினார் என்று கார் வரலாற்றாசிரியர்கள் சொல்வது வழக்கம். நிமிடக் கணக்கு எப்படியோ, கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிய வேளையில் முதல் மாதிரிக் கார் தயாராகிவிட்டது உண்மை. அக்காலத்தில் ஒரு கம்பெனிக்கு இவ்வேலை ஈராண்டு பிடிக்கும்!

உடல் செய்து தர ஒரே பெரிய தொழிற்சாலை இல்லாத குறையையும் இந்தக் கார் வென்றது. தனிச் சேஸிஸ் ஒன்றைச் செய்து, அதன்மேல் உடலைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கும்படி அமைத்தார்கள். கூரை ஓரிடத்தில், கதவு வேறிடத்தில், பின்பகுதி மற்றோரிடத்தில் செய்து கொண்டுவந்து பூட்டலாம். பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினும் முன்சக்கரங்களும் முழுமையாகத் தெரியும். மெக்கானிக் டயரின்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். 25 அடி விட்ட வட்டத்துக்குள் முழுதும் திரும்பிவிடும். நம் ஊர்ப் பெரிய தேரை ஒரு மூலையில் திருப்ப எத்தனை முட்டுக்கட்டை, எத்தனை பேர் கூக்குரல் வேண்டும் என்பதை அறிந்த நமக்கு, இதன் அருமை தெரியும். 1959 ஏப்ரலில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் அது வெளிவந்தது. 1971 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை விற்பனையாயின.

குறையும் இல்லாமலில்லை. பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அமைப்புடையவை. வளைவில் மிக வேகமாகத் திரும்பி, திடீரென்று வேகத்தைக் குறைத்தால், ஒரு பின்சக்கரம் உள்நோக்கி மடங்கிக் கார் நிலை தடுமாறும். இது மிக்கெலோத்தியின் வேலையன்று, பொறியாளர்களின் கணக்கு. ஆனால் அழகான கார் என்பதாலேயே மக்கள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது.

துண்டு துண்டாகப் பூட்டும் அந்த அமைப்புத்தான் ஹெரால்டை நம் நாட்டுக்கும் கொண்டுவந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்னும் கம்பெனி 1948இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்சாலை நகருக்குத் தெற்கே வண்டலூரை ஒட்டி அமைந்தது. முதலில் வான்கார்டு, பிறகு எய்ட், டென் என்னும் கார்களைச் செய்தார்கள். 1961இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. எஞ்சின் 948 சி.சி.; தொடக்கத்தில் இரண்டே கதவுகள். பெரிய இயந்திர அச்சுகள் இல்லாமலே உறுப்புகளைத் தனித்தனியே செய்து சேர்க்க முடிந்ததால், 1965 அளவில் நூற்றுக்கு 80 பங்கு இந்தியாவிலேயே செய்த உறுப்புகளால் ஆன காராக அது மாறியிருந்தது. கோவென்ட்ரியில் ஓர் இக்கட்டைச் சமாளிக்கப் பிறந்த வழி, சென்னையில் தொழில் கற்றுக்கொள்ள ஏணியாயிற்று. பின்பு நம்மவர் அதற்கு நான்கு கதவுகள் அமைத்தார்கள். இரண்டு கதவுள்ள காரில் முன்சீட்டை மடக்கி, சேலை கட்டிய பாட்டி பின்சீட்டுக்கு ஏறுவதை நினைத்துப் பாருங்கள்! நான்கு கதவு ஹெரால்டு உலகில் இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. 1972இல் அதுவே உடல் மாற்றம் பெற்று ஸ்டாண்டர்டு கெஜல் ஆயிற்று. தொல்லை கொடுத்த பின்சக்கர அமைப்பும் அதில் மாற்றப்பட்டு, ஒரே நேர் அச்சு வைக்கப்பட்டது. கெஜல் 1970களின் பிற்பகுதியில் நின்றது. கம்பெனியின் கார் உற்பத்தி, ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய காரோடு 1988இல் முடிவுக்கு வந்தது.

சென்னைக்கும் மிக்கெலோத்திக்கும் மற்றோர் உறவும் உண்டு. அதை விட்டுவிட மனமில்லை. 1950களின் இறுதியில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி நட்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்தது. செல்வர்க்கான மிகப் பெரிய கார்களும், ஏழைகளுக்கான மிகச் சிறிய வண்டிகளும் அவர்களிடம் இருந்தன, இடையில் ஒன்றுமில்லை. வியன்னா நகரில் அவர்களுடைய கார்களை விற்றுவந்த வொல்ப்காங் டென்செல் என்பவர், ஓர் அடக்கமான குடும்பக் காருக்கு மிக்கெலோத்தியிடம் படம் வரைந்து வாங்கிக் கம்பெனியிடம் காட்டினார். அதுவே 1959இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. 700. அவ்வாண்டு டிசம்பரில், கம்பெனியை டெய்ம்லர் பென்சுக்கு விற்றுவிடும் திட்டம் பங்குதாரர்கள் கூட்டத்தில் தோற்றது. சிறிய 700 காருக்குக் கிடைத்த வரவேற்பு அவர்களுக்குக் கொடுத்த நம்பிக்கையும் அதற்கு ஒரு காரணம். 1,80,000க்கும் மேற்பட்ட 700 கார்கள் விற்றன, கம்பெனி பிழைத்தது. 2007 முதல் அதே பி.எம்.டபிள்யூ., செங்கல்பட்டு அருகே கார் செய்துவருகிறது. பழைய ஸ்டாண்டர்டு தொழிற்சாலை இருந்த வண்டலூரிலிருந்து அதே நெடுஞ்சாலையில் தெற்கே சென்றால் அதை அடையலாம்.

டிரையம்ப் கம்பெனியோடு அவர் செய்த வேலைகளில் கனவுக் கார் என்னும் கலையின் எல்லா விதிகளையும் காணலாம். சில கனவுகள் சிறு அளவில் பலித்தன. 1958இல் தூரின் கண்காட்சியில் அவர் டி.ஆர்.3 சேஸிஸின்மேல் வரைந்து காட்டிய கார், டிரையம்ப் இத்தாலியா என்ற பெயரில் வின்யாலே பட்டறையில் சுமார் 330 மட்டும் கட்டப்பட்டது. வேறு சில கனவுகள் கலந்து ஒன்றாயின. இரண்டு மூன்று மாதிரிகளின் நல்ல அம்சங்களைச் சேர்த்து 1961இல் டி.ஆர்.4 பிறந்தது.

ஒரு கனவு இறந்து பிழைத்தது. ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி, இருவர் அமரும் திறந்த சிறு கார் ஒன்றை மிக்கெலோத்தி உருவாக்கி அனுப்பினார். அது கோவென்ட்ரியை அடைந்தபோது கம்பெனியிடம் பணமே இல்லை. துணியால் மூடித் தொழிற்சாலையின் ஒரு மூலையில் தள்ளிவிட்டார்கள். 1961இல் லேலண்ட் கம்பெனி ஸ்டாண்டர்டு டிரையம்பை வாங்கியது. நம் எண்ணூரில் அசோக் லேலண்ட் இருக்கிறதே, அதோடு கைகோத்த அதே லேலண்ட்தான். புதிய நிர்வாகியான ஸ்டான்லி மார்க்லண்டு தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்து வந்தவர், மூலையில் கிடந்த துணியை விலக்கிப் பார்த்தார். செய்யலாம் என்று முடிவு செய்தார். 1962இல் டிரையம்ப் ஸ்பிட்பயர் வெளிவந்தது. 1980 வரை மூன்று இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அந்தத் துணியை எவரும் விலக்காதிருந்தால்?

மற்றொரு கனவோ மேடை ஏறவே இல்லை. 1960களின் நடுவில், தூரின் கண்காட்சிக்குக் காட்சிப் பொருளாக ஒரு கார் செய்ய விரும்பிய மிக்கெலோத்தி, பழைய டிரையம்ப் 2000 ஒன்றைக் கேட்டு வாங்கினார். வெப்ஸ்டர் ஒரு நிபந்தனையோடு கொடுத்தார். செய்து முடித்தது தமக்குப் பிடித்துவிட்டால் கண்காட்சிக்கு அனுப்பாமல் தமக்கே தந்துவிட வேண்டும் என்பதே அது. 1966இல் வேலை முடிந்தது. வெப்ஸ்டர் வந்து பார்த்தார். காரை இங்கிலாந்துக்கே கொண்டுபோய்விட்டார். கைதட்டலுக்காகச் செய்த கார் கைதட்டல் வாங்காமலே போயிற்று. அதுவே நான்காண்டு கழித்து, 1970இல், டிரையம்ப் ஸ்டாக் என்னும் காராக வந்தது. நால்வர் அமரலாம்; கூரை திறந்திருக்கும்; தலைக்குமேல் ஆங்கில டி எழுத்துப்போல ஒரு வளைவுச் சட்டம். பார்வைக்கு அவருடைய மிகச் சிறந்த படைப்புகளுள் ஒன்று. எஞ்சினோ சூடேறித் தொல்லை கொடுத்தது. அதனால் காரின் பெயர் கெட்டது. 1977இல் நிறுத்தும்வரை சுமார் 26 ஆயிரம் கார்களே விற்றன. வரைந்தவர் குற்றமில்லாமல் வரைந்தாலும், எஞ்சின் சரியில்லையென்றால் கார் தோற்கும். தனித்தனிக் கைகள் சேர்ந்து செய்யும் வேலையில் இந்த வேதனை எப்போதும் உண்டு. ஆயினும் இன்று பழைய கார் விரும்பிகள் ஸ்டாக்கைத் தேடி வாங்கி, எஞ்சினைச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள்.

அவர் எல்லாருக்கும் வரைந்தார். ஜப்பானின் பிரின்ஸ் கம்பெனிக்கு 1960இல் ஸ்கைலைன் ஸ்போர்ட் என்னும் காரும், ஹினோ கம்பெனிக்குக் கொன்டெஸா என்னும் காரும் வரைந்தார்; ஜப்பானியர் இத்தாலியரிடம் வடிவம் கேட்கத் தொடங்கிய காலம் அது. ஹாலந்து நாட்டின் டாப் கம்பெனிக்கும் வரைந்தார். பியட் 850இன்மேல் கடற்கரைக்குப் போக ஷெல்லெட் என்னும் ஒரு கார் செய்தார். அதன் இருக்கைகள் பிரம்பால் பின்னியவை! ஈரத் துணியோடு அமர்ந்தாலும் கவலையில்லை. பெராரியை வரைந்த கை, நகரப் பேருந்தை வரைவதை இழிவாக எண்ணவில்லை என்பதை நாம் தனியே சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் ஊர்களில் நெடுங்காலம் ஓடிய லேலண்ட் நேஷனல் பஸ்ஸின் உருவமும் அவர் கொடுத்ததே. அந்தப் பஸ்ஸில் ஏறி வேலைக்கும் பள்ளிக்கும் போனவர்களின் தொகையோடு ஒப்பிட்டால், பெராரியில் ஏறியவர்கள் ஒரு கைப்பிடிதான்.

அவரிடம் தொழில் பயின்றவர்களும் உண்டு. 1960இல் அவருடைய அலுவலகத்தில் இளம் வயதில் சேர்ந்த பவுலோ மார்ட்டின், பின்னர்ப் பினின்பரீனா நிறுவனத்துக்காக, 1970இல் உலகையே திகைக்கவைத்த பெராரி மொதுலோ என்னும் கனவுக் காரை வரைந்தார். ஆள் உட்காரும் இடமே தெரியாத, தட்டையான வெள்ளைத் தட்டுப்போன்ற கார் அது. அதை எவரும் செய்து விற்க எண்ணவில்லை. அருங்காட்சிப் பொருளாகவே இருந்தது. குருவின் கனவுகள் சந்தைக்குப் போயின. சீடரின் கனவு மேடையிலேயே நின்று புகழ் பெற்றது. எது மேல் என்று கேட்டால், எங்கள் வாக்கு குருவுக்கே.

வின்யாலே 1969ஆம் ஆண்டின் இறுதியில், தம் பட்டறையை விற்ற சில நாட்களிலேயே கார் விபத்தில் மறைந்தார். காலமும் மாறிக்கொண்டிருந்தது. கம்பெனிகள் தங்களுக்கென்று பெரிய வடிவமைப்புக் கூடங்களை அமைத்துக்கொண்டன. ஒரு தாள், ஒரு மாலைப் பொழுது, ஒரு கார் என்று நடந்த காலம் மெல்லக் கழிந்தது. ஆயினும் மிக்கெலோத்தி இறுதிவரை வரைந்துகொண்டே இருந்தார். 1980ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 58. அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்பிட்பயர் காரின் உற்பத்தியும் நின்றது. அவர் வரைந்து வைத்திருந்த படம் ஒன்று இங்கிலாந்தின் ரிலையண்ட் கம்பெனியிடம் இருந்தது. 1984இல் அது சிமிட்டார் எஸ்.எஸ்.1 என்னும் காராகச் சாலைக்கு வந்தது. வரைந்தவர் மறைந்து அப்போது நான்கு ஆண்டுகளாகியிருந்தன.